சாம்பல் நிறப் படியும் மஞ்சள் கோடும்



பயணக் கட்டுரை என்றவுடன் இஸ்தான்புல்லையோ குர்துபாவையோ எதிர்பார்த்திருப்பீர்கள். இவ்வெளியேன் உங்களை அழைத்துச் செல்லவிருக்கும் பயணம் மயிலாப்பூரில் தொடங்கி, தியாகராய நகர் வழியாக அடையாற்றில் முடிகிறது. மொத்தத் தூரம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் இராது. ஆயினும், அல்லாஹ் எனக்கு அருளிய இரு கண்களைப் பற்றி நாற்பத்தேழு ஆண்டுகளாக நான் அறியாதிருந்த ஒரு செய்தியை அந்த ஒரு நாளில் அறிந்தேன். அதை அறிவதற்கு என் மாமியார் கால் இடற வேண்டியிருந்தது என்பதுதான் வருத்தம்.

மகளுக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. அழைப்பிதழின் மாதிரியை மயிலாப்பூர் அச்சகத்தில் பார்ப்பது, பிறகு தி. நகரில் பட்டுச்சேலை எடுப்பது, மாலையில் அடையாறு காந்தி நகரிலுள்ள என் சகலை வீட்டிற்குச் செல்வது என்று திட்டம். நானும் மனைவியும் மகளும் கிளம்பினோம். பேத்தியின் சேலையைத் தாமே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எழுபத்து நான்கு வயது மாமியும் புறப்பட்டுவிட்டார்.

மயிலாப்பூரின் காலை

லஸ் முனையில் இறங்கி மாட வீதிப் பக்கம் நடந்தோம். ஊர் அப்போதுதான் வாசல் தெளித்து முடித்திருந்தது. ஒரு வீட்டின் முன் ஈரம் காயாத கருந்தரையில் இட்ட கோலம், தரையிலிருந்து எழுந்து நிற்பது போலத் தெரிந்தது. அடுத்த வீட்டு வாசலோ வெளிறிய சிமெண்டுத் தரை. அங்கும் அதே வெள்ளை மாவுதான்; இட்ட கையும் தேர்ந்த கைதான். ஆனால் நாலடி தள்ளி நின்றால் கோலம் இருப்பதே தெரியவில்லை. மாவு பளிச்சிடுவது அதன் வெண்மையால் மட்டுமன்று, தரையின் கருமையாலும்தான் என்பதை அந்த இரண்டு வாசல்களும் சொல்லாமல் சொல்லின.

கண்ணை அந்தப் பக்கம் திருப்பிவிட்டால் பிறகு எங்கும் அதே பாடம்தான். பூக்காரப் பெண்மணி வெள்ளை மல்லிகைக்கு இடையே செம்மஞ்சள் கனகாம்பரத்தையும் பச்சை மரிக்கொழுந்தையும் வைத்துக் கட்டுகிறார். மல்லிகை மட்டும் தனியே இருந்தால் அவ்வளவு வெண்மையாகத் தோன்றாது. கபாலீசுவரர் கோயில் மதிலில் காவியும் வெள்ளையுமாக மாறி மாறி வரும் பட்டைகள், இது கோயில் என்பதைத் தெருக்கோடியிலேயே அறிவித்து விடுகின்றன. தக்காளி வியாபாரி சிவப்புத் தார்ப்பாயை மேலே கட்டியிருக்கிறார். அதனூடே இறங்கும் வெளிச்சத்தில் அரைப்பழம்கூட முழுப்பழமாகத் தெரிகிறது. இவர்களில் எவரும் ஓவியக் கல்லூரியில் பயின்றவர்கள் அல்லர்.

அச்சகத்தில் அழைப்பிதழ் தயாராக இருந்தது. சந்தன நிற அட்டையில் பொன்னெழுத்து. மகளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. மாமி அதை வாங்கி, தூரத்தில் பிடித்து, அருகில் பிடித்து, திருப்பியும் பார்த்தார்.

"என்ன மாப்பிள்ளை, இதுல எழுத்தே இல்லியே? பூவு மட்டுந்தானே போட்டிருக்கு?"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அன்று மாலைக்குள் அந்தச் சிரிப்புக்காக வெட்கப்படப் போகிறேன் என்று அப்போது தெரியாது.

அச்சகத்தார் மட்டும் சிரிக்கவில்லை. "பாட்டியம்மா சொல்வது சரி" என்றார். "நிறம் வேறு, அதன் வெளிச்ச அளவு வேறு. இரண்டு நிறங்கள் வேறு வேறாக இருந்தாலும் வெளிச்ச அளவு ஒன்றாக இருந்தால் எழுத்து எழும்பாது. பொன்னும் சந்தனமும் அப்படித்தான்." பிறகு, யாரோ கொடுத்திருந்த பச்சைத் தாளில் சிவப்பெழுத்து அச்சிட்ட அழைப்பிதழ் ஒன்றை எடுத்து, கறுப்பு வெள்ளை நகல் எடுத்துக் காட்டினார். வரிகள் ஏறத்தாழ மறைந்தே போயிருந்தன! பச்சைக்கும் சிவப்பிற்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு என்று நாம் நினைக்கிறோம். நகலெடுக்கும் கருவியோ இரண்டும் ஒன்றே என்கிறது. சிவப்பு, பச்சை வேறுபாடு சரிவரத் தெரியாத கண்கள் சிலருக்குப் பிறவியிலேயே அமைந்திருக்கின்றன. பெண்களைவிட ஆண்களிடம் இக்குறை மிகுதி. அவர்களுக்கு அந்த அழைப்பிதழ் எப்படித் தெரியும் என்று எண்ணிப் பாருங்கள்.

இதற்கு ஓர் அளவுகோலும் உண்டு. இணையப் பக்கங்களை எல்லோரும் படிக்க இயலுமாறு அமைப்பதற்கென 2008-இல் வெளியான சர்வதேச வழிகாட்டு நெறிகள், எழுத்திற்கும் பின்னணிக்குமான வெளிச்ச விகிதம் குறைந்தது 4.5-க்கு 1 என இருக்க வேண்டும் என்கின்றன. பெரிய எழுத்திற்கு 3-க்கு 1 போதும். வெள்ளையில் கறுப்பின் விகிதம் 21-க்கு 1. அதற்கு மேல் இல்லை. நம் ஓதற்பள்ளிகளில் கரும்பலகையில் வெண்சுண்ணத்தால் எழுதிய உஸ்தாதுமார்கள் இந்த எண்களை அறியார்கள். ஆனால் கடைசி வரிசைப் பிள்ளைக்கும் அலிஃப் தெரிந்தது.

அழைப்பிதழை அடர்ந்த அரக்கு நிற எழுத்தில் அச்சிடச் சொல்லிவிட்டுப் புறப்பட்டோம்.

தி. நகர்: நிறங்களின் சந்தை

நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயர் பெயரால் 1920-களில் உருவான நகர் இது. இதன் நெரிசல் மிக்க வீதிகளுள் ஒன்றான உஸ்மான் சாலை, 1934-இல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராக இருந்த சர் முஹம்மது உஸ்மான் சாஹிபின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இளைய தலைமுறைக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

பனகல் பூங்காவைச் சுற்றியுள்ள பட்டு மாளிகைகளுள் ஒன்றில் நுழைந்தோம். வெள்ளைத் துணி விரித்த மேடையில் சேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. கிளிப்பச்சைச் சேலையின் மேல் ஒரு சிவப்புச் சேலையை விரித்தார் விற்பனையாளர். அது தணல் போலக் கனன்றது. "இதுதான்!" என்றாள் மகள். மனைவி அதைக் கையில் எடுத்து, பக்கத்தில் கிடந்த செம்மஞ்சள் சேலையின் மேல் போட்டாள். தணல் அவிந்தது. அதே சேலை, அதே விளக்கு, அதே கண்கள்தாம்! மகள் திகைத்துப் போனாள்.

வாசகர்களே, இத்திகைப்பு புதிதன்று. பாரிஸ் நகரில் கோபெலின் என்னும் புகழ்பெற்ற திரைச்சீலை நெசவாலையின் சாயப்பிரிவுக்கு 1824-இல் பொறுப்பேற்றவர் செவ்ரோல் என்னும் வேதியியலறிஞர். கறுப்புச் சாயத்தில் அழுத்தம் இல்லை என்று அவரிடம் புகார் வந்தது. அவர் சாயத்தை ஆராய்ந்தார். பிற ஆலைகளின் கறுப்பு நூலோடு ஒப்பிட்டார். சாயத்தில் குற்றமில்லை. அக்கறுப்பு நூலை நீலத்திற்கும் ஊதாவிற்கும் அருகில் வைத்து நெய்ததுதான் காரணம். அண்டை நிறம் கறுப்பின் வலிமையைத் தின்றுவிட்டது! அருகருகே இருக்கும் இரு நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டுகின்றன என்ற இவ்விதியை 1839-இல் பெருநூலாக வெளியிட்டார். 102 ஆண்டுகள் வாழ்ந்து 1889-இல் மறைந்தார்.

அவருக்கு எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே இதைக் கண்டு எழுதியவர் நம் இப்னுல் ஹைதம். கி.பி. 965-இல் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அப்பேரறிஞர், தம் ‘கிதாபுல் மனாழிர்’ நூலில், ஒரே சாயத்தின் சிறு புள்ளிகள் வெண்பரப்பில் கருமையாகவும் கரும்பரப்பில் வெளுப்பாகவும் தோன்றுவதை எடுத்துரைத்தார். பகலில் நட்சத்திரங்கள் தெரியாததற்கும் காரணம் இதையொத்ததே. அவை எங்கும் போய்விடுவதில்லை, பின்புலம்தான் வெளுத்துவிடுகிறது. அந்நூலின் ஆயிரமாண்டு நிறைவு, ஐக்கிய நாடுகள் சபை ஒளி ஆண்டாக அறிவித்த 2015-இல் உலகளவில் நினைவுகூரப்பட்டது.

நீங்களே வீட்டில் செய்து பாருங்கள். ஒரே சாம்பல் நிறத் தாளிலிருந்து இரண்டு சிறு சதுரங்களை வெட்டி எடுங்கள். ஒன்றைக் கறுப்புத் தாளின் நடுவிலும் மற்றொன்றை வெள்ளைத் தாளின் நடுவிலும் வையுங்கள். கறுப்பின் மேலுள்ளது வெளுப்பாகவும், வெள்ளையின் மேலுள்ளது கருத்தும் தெரியும். என் மதரஸாப் பிள்ளைகள், நான் ஏமாற்றுகிறேன் என்று சொல்லி இரண்டையும் எடுத்து ஒட்டவைத்துப் பார்த்தார்கள்! நம் விழித்திரை வெளிச்சத்தை எடைபோட்டு அனுப்பும் தராசு அன்று. ஓர் இடம் அதன் சுற்றுப்புறத்தினின்று எவ்வளவு வேறுபடுகிறது என்பதையே அது முதன்மையாக மூளைக்குச் சொல்லி அனுப்புகிறது. வேறுபாடு இல்லாத இடத்தில் சொல்வதற்கு அதனிடம் செய்தியும் இல்லை.

காஞ்சிபுரத்து நெசவாளர் இந்த இரகசியத்தைத் தறியிலேயே கட்டி வைத்திருக்கிறார். சேலையின் உடலும் கரையும் முற்றிலும் வெவ்வேறு நிறத்தில் அமைய வேண்டுமானால், ஊடை நூல் ஒரே ஓட்டமாக ஓடக்கூடாது. உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கு இரண்டு நாடா. கரை நாடாவைத் தள்ள அருகில் துணைக்கு ஓர் ஆள். இரு நிறங்களும் சந்திக்கும் இடத்தில் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். இதற்குக் கோர்வை என்று பெயர். இத்தனை உழைப்பும், மாம்பழ மஞ்சள் உடலுக்குப் பக்கத்தில் அரக்குக் கரை கலப்பின்றி, கோடு கிழித்தாற்போல் நிற்பதற்காகத்தான். அடையாற்றில் 1936-இல் கலாக்ஷேத்திராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி, அடுத்த ஆண்டே அங்கு நெசவுக்கூடமும் அமைத்து, பழைய அகன்ற கரைகளையும் நிற எதிர்ப்புகளையும் மீட்டெடுத்தார். அவையில் தொலைவில் இருப்பவரின் கண்ணுக்கும் அந்தக் கரை எட்டும் அல்லவா?

மயில்கழுத்து நிறத்தின் கதை இதற்கு நேர் எதிர். அங்கே பாவு ஒரு நிறம், ஊடை வேறொரு நிறம். இழைகள் மிக மெல்லியவை. ஆகவே கண் அவற்றைப் பிரித்தறியாமல் ஒன்றாகக் கலந்துகொள்கிறது. துணி அசையும்போது ஒன்று மாற்றி ஒன்று மின்னுகிறது. அகன்ற பரப்புகள் அருகருகே நின்றால் வேறுபாடு மிகும். நுண்ணிய இழைகள் அருகருகே ஓடினால் வேறுபாடு கரையும். அளவு மாறினால் விதியும் மாறுகிறது.

சேலை எடுக்கப் போகும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். பிடித்த சேலையை மற்றச் சேலைகளின் குவியலிலிருந்து எடுத்து, வெள்ளைத் துணியின் மேல் தனியே விரித்து, பிறகு வாசல் வெளிச்சத்திற்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். வீட்டிற்கு வந்தபின் "கடையில் பார்த்த நிறம் இது இல்லையே!" என்னும் அங்கலாய்ப்பு பாதி குறையும். நாங்களும் அவ்வாறே செய்தோம். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரையிட்ட சேலை முடிவாயிற்று. "கரை நல்லாத் தெரியுது" என்றார் மாமி. அவர் சொன்ன காரணமே அதுதான்.

ஒரு படி

அங்கிருந்து ரவிக்கைத் துணிக்காக இன்னொரு வணிக வளாகத்திற்குப் போனோம். பெயர் வேண்டாம், ஊரெங்கும் அத்தகைய கட்டடங்கள்தாம். மெருகேற்றிய சாம்பல் நிறக் கல்லில் தரை. அதே கல்லில் படிகள். அதே கல்லில் சுவரின் அடிப்பகுதி. கண்ணாடி போல மின்னிற்று. பணம் செலவழித்துக் கட்டியிருக்கிறார்கள் என்பது தெரிந்தது. படி எங்கே முடிகிறது என்பது மட்டும் தெரியவில்லை.

இறங்கும்போது மாமி கடைசிப் படியைத் தரை என்று நினைத்துக் காலை நீட்டினார். என் மகள் கையைப் பிடித்திருந்ததால் தலை தப்பியது. கணுக்கால் மடங்கியது. வலியைவிட அவர் முகத்தில் தெரிந்தது அவமானம்.

"தரை வந்துருச்சுன்னு நெனச்சேன் தம்பி. நான்தான் பார்க்காம வச்சிட்டேன்" என்றார்.

சுற்றி நின்றவர்களும் அதையே சொன்னார்கள்: "பார்த்து வரக்கூடாதாம்மா?"

அடையாற்றில் கிடைத்த விளக்கம்

நேரே அடையாற்றுக்குப் போனோம். சகலை வீட்டிற்கு அருகிலிருந்த மருத்துவமனையில் எலும்பு முறியவில்லை என்று சொல்லிக் கட்டுப் போட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ்! அதே கட்டடத்தில் ஒரு கண் மருத்துவர் இருந்தார். மாமிக்கு இடக்கண்ணில் முன்பே புரை அகற்றப்பட்டிருந்தது. வலக்கண்ணில் புரை வளர்ந்துகொண்டிருந்தது. எதற்கும் காட்டிவிடுவோம் என்று அழைத்துச் சென்றோம்.

சுவரிலிருந்த எழுத்துப் பலகையை மாமி கிட்டத்தட்டக் கடைசி வரி வரை வாசித்துவிட்டார். "பார்வை இவ்வளவு நன்றாக இருக்கும்போது படி எப்படித் தெரியாமல் போகும்?" என்று நான் கேட்டேன். மருத்துவர் சிரித்தார்.

"ஐயா, இந்தப் பலகையின் மூலவடிவம் 1862-இல் ஸ்னெல்லன் என்ற டச்சு மருத்துவர் செய்தது. வெள்ளையில் கறுப்பெழுத்து. அதாவது இருக்கிற வேறுபாட்டிலேயே பெரிய வேறுபாடு. நீங்கள் நடக்கும் உலகம் வெள்ளையில் கறுப்பாகவா இருக்கிறது?"

பிறகு வேறொரு பலகையைக் காட்டினார். பெல்லி, ராப்சன் என்னும் இருவர் பெயரால் அழைக்கப்படும் அது 1988-இல் வந்தது. அதில் எழுத்துகள் சிறியனவாக ஆகவில்லை. எல்லாம் ஒரே அளவு. மேலிருந்து கீழே வர வர வெளிறிக்கொண்டே போயின. கடைசி வரிகள் பால் மேல் பாலால் எழுதியவை போலிருந்தன. நான் பல வரிகள் படித்தேன். மாமி பாதிக்கு முன்பே நின்றுவிட்டார். "இதுக்குக் கீழ ஒண்ணுமில்லியே" என்றார். காலையில் அழைப்பிதழைப் பார்த்துச் சொன்ன அதே சொல்! அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் சிரித்தது ஒரு நகைச்சுவைக்கு அன்று. அவருடைய கண்ணைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம்.

வயது ஏற ஏற விழியின் ஆடி மஞ்சளிக்கிறது. புரை விழுந்தால் உள்ளே நுழையும் ஒளி சிதறி, மூடுபனியில் பார்ப்பது போலாகிறது. கூர்மை ஓரளவு மிஞ்சியிருந்தாலும், அடுத்தடுத்த இரு சாயல்களைப் பிரித்தறியும் திறன் முதலில் தேய்கிறது. கருநீலமும் கறுப்பும் ஒன்றாகின்றன. புகழ்பெற்ற பிரெஞ்சு ஓவியர் மோனே, 1923-இல் அறுவை செய்துகொள்ளும் வரை, புரையினால் நிறங்களோடு போராடியவர். நிறமே வாழ்வாக இருந்தவருக்கே அந்நிலை!

"அம்மா பார்க்காமல் கால் வைக்கவில்லை" என்றார் மருத்துவர். "பார்த்துத்தான் வைத்தார்கள். பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை."

அஸர் தொழுதுவிட்டு அடையாற்றுப் பாலம் வரை தனியே நடந்தேன். முகத்துவாரத்து நீரும் மேகம் கவிந்த வானமும் ஒரே சாம்பல் நிறமாக இருந்தன. எங்கே நீர் முடிந்து வானம் தொடங்குகிறது என்று என் கண்ணுக்கும் புலப்படவில்லை. கரையில், 1882 முதல் அங்கிருக்கும் தியாசபிகல் சொசைட்டியின் மரக்கூட்டம் மட்டும் கரும்பச்சையாகத் தெரிந்தது. அவ்வளாகத்தினுள் சிறிய வெண்ணிறப் பள்ளிவாசல் ஒன்று உண்டு. முன்பொருமுறை சென்றிருக்கிறேன். அளவில் சிறிதென்றாலும் பச்சை மரங்களுக்கிடையே அது கண்ணில் படாமல் போகாது.

நோன்பு தொடங்கும் நேரத்திற்கு அல்லாஹ் நமக்குக் காட்டித் தந்த அடையாளம் நினைவிற்கு வந்தது. கறுப்பு நூலும் வெள்ளை நூலும்! அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் அதை நேர்ப்பொருளிலேயே கொண்டு, இரு கயிறுகளைத் தலையணையின் கீழ் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததும், அது இரவின் இருளும் வைகறையின் வெண்மையுமே என நபி (ஸல்) அவர்கள் விளக்கியதும் நீங்கள் அறிந்த வரலாறு. கடிகாரம் இல்லாத காலத்தில், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும் அடையாளம் அது.

நம் வீட்டுப் படிகள்

மறுநாள் ஃபஜ்ருக்கு எங்கள் மஹல்லா பள்ளிவாசலுக்குள் நுழைந்தபோதுதான், பல ஆண்டுகளாக ஏறி இறங்கும் படிகளைப் பார்த்தேன். ஹவ்ளுக்கு இறங்கும் மூன்று படிகளும் சாம்பல் நிறக் கல், தரையும் அதுவே, மேலே எப்போதும் ஈரம். வயோதிகர் ஒருவர் கட்டைவிரலால் தடவித் தடவி இறங்குவதைக் கண்டேன். இத்தனை நாளாக அதை நிதானம் என்று நினைத்திருந்தேன்.

முத்தவல்லி சாஹிபிடம் சொன்னேன். "கல்லின் அழகு கெட்டுப்போகுமே உஸ்தாத்" என்று தயங்கினார். அவர்மேல் குறையில்லை. நன்கொடை திரட்டிப் போட்ட கல். பாதையிலுள்ள இடரை அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாகக் கருதும் சமுதாயம் நாம் என்று நினைவூட்டினேன். சட்டமும் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுக்கட்டடங்கள் எல்லோரும் புழங்கத் தக்கனவாக இருக்க வேண்டும் என்கிறது. மெட்ரோ ரயில் நிலையங்களில் புடைப்புகளுடன் ஓடும் மஞ்சள் பட்டையைப் பார்த்திருப்பீர்கள். அது ஜப்பானில் மியாக்கே என்பவர் 1965-இல் உருவாக்கி, 1967-இல் ஒகயாமா நகரில் முதன்முதலாகப் பதிக்கப்பட்டது. புடைப்பு, பார்வையே இல்லாதவரின் பாதத்திற்கு. மஞ்சள், மங்கிய பார்வை உள்ளவரின் கண்ணிற்கு.

முத்தவல்லி பதில் சொல்லாமல் எழுந்து ஹவ்ளின் பக்கம் போனார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு கணம் படிகளைப் பார்த்தார். அவருக்கும் அறுபத்தைந்து வயது. "பெயிண்ட் வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்.

ஒரு சிறிய டப்பா மஞ்சள் பெயிண்ட், வழுக்காமலிருக்கச் சிறிது மணல், மதரஸாப் பெரிய பிள்ளைகள் நால்வர், ஒரு பிற்பகல். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் இரண்டு விரற்கடை அகலத்தில் ஒரு கோடு. வேலை அவ்வளவுதான்.

வாசக நேயர்களே! இன்று மாலை விளக்கு ஏற்றியபின் உங்கள் வீட்டுப் படிகளின் மேல்முனையில் நின்று, கண்களைப் பாதி மூடிக்கொண்டு கீழே பாருங்கள். விளிம்புகள் தெரிகின்றனவா? வெள்ளைக் குளியலறையில் வெள்ளைக் குவளை தெரிகிறதா? முதியவருக்கு வெள்ளைச் சோற்றை வெள்ளைத் தட்டில் வைக்கிறீர்களா? மருந்துப் புட்டியின் மேல் நீங்களே கறுப்பு மையில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறீர்களா? இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. நம்மைப் பெற்று வளர்த்த கண்களுக்கு நாம் செலுத்த வேண்டிய கடனில் இது மிகச் சிறிய பகுதி.

மீதமிருந்த பெயிண்டில் எங்கள் வீட்டு வாசற்படிகளுக்கும் கோடு போட்டேன். நிக்காஹ் நாளன்று, அரக்குக் கரைச் சேலை கட்டிய மகள், நன்னியைக் கைப்பிடித்து இறக்கப் போனாள். மாமி படிகளைப் பார்த்தார். பிறகு மெல்லத் தம் கையை விடுவித்துக்கொண்டார்.

"விடும்மா. எனக்குத் தெரியுது."